காகிதப் பொட்டலமா, கண்ணாடி ஜாடியா? ஆபீஸ் ஹாலோவீன் பரிசுக்கு ஒரு வழிகாட்டி

அக்டோபர் பிறந்துவிட்டால், மாதக் கடைசியில் வரும் ஹாலோவீனை ஒட்டி அமெரிக்க ஆபீஸ்களில் ஒரு செல்லத் தொல்லை ஆரம்பமாகிவிடும். வரவேற்பு மேசையில் பூசணிக்காய் ஏறி உட்காரும். காபி மெஷினுக்கு மேலே பிளாஸ்டிக் சிலந்தி தொங்கும். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் உங்கள் கீபோர்டின் மேல் ஒரு குட்டி மிட்டாய்ப் பையும், பேய்ப் படம் போட்ட சீட்டும் இருக்கும். வைத்தது யார் என்று தெரியாது. இனி நீங்கள் இரண்டு பேருக்கு இதே மாதிரி ரகசியமாக வைக்க வேண்டும் என்று மட்டும் அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். ஐ.டி. வேலைக்கென்று நியூஜெர்சிக்கோ டாலஸுக்கோ போன நம்மவர்கள் முதல் வருடம் இதில் மாட்டிக்கொண்டு முழிப்பதுண்டு.

கடையில் மூட்டையாக விற்கும் குட்டி சாக்லேட்டுகளை வாங்கிக் கிண்ணத்தில் கொட்டி வைத்தாலே போதும், யாரும் குறை சொல்லப் போவதில்லை. அதற்கு மேல் கொஞ்சம் கைவேலை காட்டலாம் என்று இறங்குபவர்களுக்கு இரண்டு பாதை இருக்கிறது. காகிதத்தை மடித்துச் சுற்றி ஒட்டிச் செய்வது ஒன்று. கண்ணாடி ஜாடியை நிரப்பி அலங்கரிப்பது இன்னொன்று. படத்தில் பார்க்க எது அழகு என்றால் சந்தேகமே இல்லாமல் ஜாடிதான். ஆனால் அழகை வைத்து முடிவெடுத்தால் அக்டோபர் கடைசி வாரத்தில் கஷ்டப்படுவீர்கள். எத்தனை பேருக்குக் கொடுக்கிறீர்கள், உள்ளே போகும் மிட்டாய்க்குத் தனி உறை இருக்கிறதா, வாங்கிக்கொள்பவர் அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவார் என்ற மூன்றையும் முதலில் யோசியுங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

முதலில், உள்ளே என்ன?

பொதியை நீங்கள் செய்யுங்கள். மிட்டாயைக் கடையில் வாங்குங்கள். இது என் கட்சி. நம் பழக்கத்துக்கு இது கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். தீபாவளிக்கு வீட்டில் சுட்ட அதிரசத்துக்கு இருக்கும் மரியாதை கடை லட்டுக்குக் கிடையாது. ஹாலோவீனில் கதை தலைகீழ். அன்று இரவு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கி வரும் பிள்ளைகளின் பையிலிருந்து உறை பிரிந்த மிட்டாயையும் யாரோ வீட்டில் செய்த பண்டத்தையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவது அங்கே பெற்றோர் வழக்கம்.

இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1974-ல் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு தந்தை காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் எட்டு வயது மகனுக்கே சயனைடு கலந்த மிட்டாயைக் கொடுத்துக் கொன்றார். பழி ஹாலோவீன் இரவில் மிட்டாய் கொடுத்த ஏதோ ஒரு வீட்டின் மேல் விழட்டும் என்பது அவர் கணக்கு. 1982-ல் சிகாகோ வட்டாரத்தில் டைலெனால் மாத்திரையில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அது நடந்தது ஹாலோவீனுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதலான செய்திகளையெல்லாம் வருடக்கணக்காகத் தோண்டிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயில் விஷம் இருந்து ஒரு குழந்தை இறந்ததாக உறுதிப்பட்ட ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. இருந்தும் பயம் போகவில்லை. ஆபீசில் உங்களை எல்லோருக்கும் தெரியும், விஷம் வைப்பீர்கள் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. ஆனாலும் வீட்டுக்குக் கொண்டுபோனால் அது பிள்ளைகளின் கைக்குத்தான் போகும். அங்கே கம்பெனி உறை போட்ட மிட்டாய் எந்தக் கேள்வியும் இல்லாமல் தாண்டிவிடும்.

கேட்கமாட்டேன், நானே செய்வேன் என்பவர்களுக்கு எளிதானது சாக்லேட் தகடு. சாக்லேட்டை உருக்கித் தட்டில் பரப்பி, மேலே ஏதாவது தூவி, இறுகியதும் உடைத்துக்கொள்வது. உண்மையான சாக்லேட்டைப் பக்குவமாக உருக்கி ஆற்றாவிட்டால் இரண்டு நாளில் மேலே வெள்ளை பூத்துவிடும். கெட்டுப்போனது இல்லை, பார்க்கத்தான் நன்றாயிருக்காது. கைவேலைக் கடைகளில் ஆரஞ்சு, கறுப்பு, ஊதா நிறங்களில் விற்கும் உருக்கு மிட்டாய் வில்லைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ருசி மட்டும் கொஞ்சம் குறைவு. சர்க்கரைப் பாகு காய்ச்சுவதென்றால் தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். மென்மையான ஃபட்ஜ் வகைக்கு 112 முதல் 116 டிகிரி செல்சியஸ், உடைகிற கடலைப் பாகுக்கு 150 டிகிரியை ஒட்டி. நடுவில் நின்றுவிட்டால் பல்லில் ஒட்டும் வஸ்துதான் கிடைக்கும். இப்படி வீட்டில் செய்தது எதுவானாலும் அது ஜாடிக்குத்தான் போக வேண்டும், காகிதத்துக்கு வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

அடுத்தது ஒவ்வாமை. அமெரிக்கச் சட்டம் ஒன்பது பொருள்களை முக்கிய ஒவ்வாமைப் பொருள்களாக வைத்திருக்கிறது: பால், முட்டை, மீன், ஓட்டுமீன் வகைகள், மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா. ஒன்பதாவதாக எள் 2023 ஜனவரி 1 முதல் சேர்ந்துகொண்டது. ஆக, கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் ஆளுக்கு ஒன்றாக இந்தப் பட்டியலில் மாட்டுகின்றன. ஊரிலிருந்து அம்மா அனுப்பியது என்ற பாசத்தில் அதை எல்லோருடைய மேசையிலும் வைத்துவிட்டு வராதீர்கள். கேட்டுவிட்டு, வேண்டும் என்பவருக்குத் தனியாகக் கொடுங்கள்.

இன்னொரு கண்ணி ஜெலட்டின். கம்மி கரடிகள், மார்ஷ்மெல்லோ, ஹாலோவீனின் முத்திரை மிட்டாயான கேண்டி கார்ன், எல்லாவற்றிலும் விலங்கின் எலும்பிலிருந்தோ தோலிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருக்கிறது. கேண்டி கார்னின் பளபளப்புக்கு அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின் வேறு. 1880-களில் பிலடெல்பியாவில் பிறந்த மிட்டாய் அது. அமெரிக்கர்களிலேயே பலருக்கு அதைப் பிடிக்காது, வருடாவருடம் அதில் ஒரு சண்டை நடக்கும். எனக்கும் அது இனிப்பு போட்ட மெழுகுதான். ஐ.டி. டீமில் சைவர்களும் முஸ்லிம்களும் யூதர்களும் கலந்திருப்பார்கள். டம் டம்ஸ் குச்சி மிட்டாயிலும் அமெரிக்க ஸ்கிட்டில்ஸிலும் ஜெலட்டின் கிடையாது. ஸ்மார்ட்டீஸ் மாத்திரை மிட்டாயிலும் இல்லை. ஆனால் கனடாவில் இருப்பவர்கள் கவனியுங்கள். அங்கே ஸ்மார்ட்டீஸ் என்று கேட்டால் சாக்லேட் உருண்டைதான் வரும், அமெரிக்க ஸ்மார்ட்டீஸுக்கு அங்கே ராக்கெட்ஸ் என்று பெயர். கனடாவின் ஸ்கார்பரோ அக்கா ஒருவரும் டெக்சஸ் தங்கையும் ஒரே செய்முறையை வைத்துக்கொண்டு போனில் பேசினால் வேடிக்கைதான்.

குட்டி சாக்லேட்டின் சின்ன உறையில் பெரும்பாலும் சேர்மானப் பட்டியல் இருக்காது. பெரிய பையின் முதுகில்தான் இருக்கும். சில மிட்டாய்களில் குட்டி அளவுக்கும் பெரிய அளவுக்கும் சேர்மானமே மாறும். அதனால் மூட்டையைப் பிரிக்கும்போது முதுகுப் பக்கத்தைக் கத்தரித்து வையுங்கள், குறைந்தபட்சம் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் காட்டலாம்.

காகிதம்: கூட்டம் பெரிதாக இருந்தால்

பத்துப் பேரைத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், காகிதம். காசு குறைவு, எடை இல்லை, ஒரு பையில் முப்பது பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ரயிலில் போகலாம், கீழே விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். அதற்கு எதிரிகள் இரண்டே இரண்டு, எண்ணெயும் ஈரமும். உறை இல்லாத சாக்லேட் துண்டை வண்ணக் காகிதத்தில் வைத்தால் மறுநாள் எண்ணெய் வட்டம் ஊறி நிற்கும். க்ரேப் காகிதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வியர்வைக் கை பட்டாலே சாயம் விடும். கைவேலைக் காகிதத்தின் சாயம் தின்பதற்கென்று செய்ததும் இல்லை. எனவே காகிதத்துக்குள் போவது உறை போட்ட மிட்டாய் மட்டும். உறை இல்லாததைப் போட்டே ஆக வேண்டுமென்றால் உள்ளே மெழுகுத் தாளோ, கேக் சுடும் தாளோ ஒரு சுற்று விரியுங்கள்.

காகித வடிவங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானிய மாசுப் பெட்டி. பசை வேண்டாம், டேப் வேண்டாம், சதுரத் தாள் ஒன்று போதும். அமெரிக்க பிரிண்டர் தாள் 8.5 அங்குலத்துக்கு 11. அதை 8.5 அங்குலச் சதுரமாக வெட்டி மடித்தால் அடிப்பக்கம் சுமார் 7.6 சென்டிமீட்டரும் உயரம் அதில் பாதியுமாக ஒரு பெட்டி கிடைக்கும். குட்டி சாக்லேட் ஐந்தாறு சௌகரியமாக உட்காரும். மூடி வேண்டுமானால் இன்னொரு சதுரத்தையும் அதே மாதிரி மடிக்க வேண்டியதுதான். ஆனால் அடிப்பெட்டிக்கான சதுரத்தை நாலைந்து மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள், அப்போதுதான் மூடி இறங்கும். இரண்டையும் ஒரே அளவில் வெட்டிவிட்டு அழுத்தி நுழைத்தால் மூலை கிழிந்துவிடும்.

மடிக்கும் முறை இதுதான். சதுரத்தின் குறுக்கும் நெடுக்கும் நடுக்கோடு மடித்துப் பிரியுங்கள். நாலு மூலையையும் நடுப்புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். இப்போது கிடைத்த சின்னச் சதுரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களை நடுவுக்கு மடித்துப் பிரியுங்கள், அடுத்த இரண்டு பக்கங்களையும் அப்படியே. பிறகு எதிரெதிரான இரண்டு மூலைகளை மட்டும் திறந்துவிட்டு, மூடியிருக்கும் பக்கங்களைச் சுவராக நிமிர்த்துங்கள். திறந்த மூலையை உள்ளே தள்ளி அந்தச் சுவர்களின் மேல் கவிழ்த்தால் அதன் நுனி நடுப்புள்ளியில் வந்து படுக்கும். மடிப்பை நகத்தால் அழுத்தாமல் ஸ்பூனின் முதுகால் தேய்த்தால் விளிம்பு கூர்மையாக நிற்கும். இதற்குச் சாதாரணத் தாள்தான் சரி, கெட்டி அட்டையை எடுத்தால் மடிப்பில் வெடிக்கும். ஆரஞ்சுத் தாளில் பெட்டி, கறுப்புத் தாளில் மூடி, மூடியில் வெள்ளைப் பேனாவால் ஒரு சிலந்தி வலை. வேறு அலங்காரமே தேவையில்லை.

கெட்டி அட்டைக்கு ஏற்றது கூம்பு. மெரினாவில் சுண்டல் சுற்றித் தரும் அதே கூம்புதான். 15 சென்டிமீட்டர் ஆரத்தில் கால் வட்டம் வெட்டிச் சுருட்டினால் வாய் ஏழு சென்டிமீட்டர் அளவில் வரும். நுனிக்கு வெள்ளை, நடுவில் ஆரஞ்சு, வாய்ப்பக்கம் மஞ்சள் என்று மூன்று பட்டை ஒட்டினால் கூம்பே கேண்டி கார்ன் ஆகிவிடும். மிட்டாயைப் பிடிக்காதவர்களுக்கும் இந்தக் கூம்பைப் பிடிக்கும். குறை என்னவென்றால் கூம்பு மேசையில் நிற்காது. காபிக் கோப்பையிலோ பேனா ஸ்டாண்டிலோ சொருகி வைக்க வேண்டும். மேசையே இல்லாமல் தினம் ஒரு இடத்தில் உட்காரும் ஆபீசாக இருந்தால் கூம்பை விட்டுவிடுங்கள். நுனியில் டிஷ்யூ தாளைக் கசக்கி அடைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் முதல் இரண்டு மிட்டாய் அங்கே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

ஆள் நிறைய, நேரம் குறைவு என்றால் குச்சி மிட்டாய்ப் பேய். வெள்ளை டிஷ்யூ தாளைத் தலையில் போர்த்தி, கழுத்தில் கறுப்பு நூல் கட்டினால் ஆயிற்று. போர்த்துவதற்கு முன்பே தாளைத் தட்டையாக வைத்துக் கண்ணை வரைந்துவிட வேண்டும். கட்டிய பிறகு மார்க்கரை வைத்தால் மை பரவிப் பேய்க்குக் கண்வலி வந்த மாதிரி ஆகிவிடும். அதே வேகத்தில் முடிவது வௌவால்: கறுப்பு அட்டையில் இறக்கை வெட்டி, குட்டி சாக்லேட்டின் முதுகில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுவது. பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒருவர் வெட்ட, ஒருவர் கண் ஒட்ட என்று பிரித்துக்கொடுத்துவிடலாம்.

கழிப்பறைத் தாளின் அட்டைக் குழலில் மிட்டாய் அடைத்து இருபுறமும் முறுக்கிக் கட்டும் யோசனையும் நிறையப் பேர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். சமையலறைத் தாள் குழல் என்றால் போகட்டும்.

ஜாடி: நாலைந்து பேருக்கு

ஜாடியின் பெரிய பலம், அது உள்ளே இருப்பதைக் காட்டும். இன்னொரு பலம், காற்றுப் புகாமல் காக்கும். உறை இல்லாத மிட்டாய்க்கும் வீட்டில் செய்ததற்கும் ஜாடிதான் இடம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். சர்க்கரைப் பாகு மிட்டாய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். கண்ணாடியும் இறுகிய மூடியும் அதைத் தடுக்கும். நெய் வழியும் மைசூர்பாகு மாதிரிப் பண்டத்தையும் காகிதத்தில் கொடுக்க முடியாது, ஜாடியில் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் இதற்குக் கைவசம் இருப்பது மேசன் ஜாடி. ஜான் லாண்டிஸ் மேசன் 1858-ல் மறையிட்ட கழுத்துக்குக் காப்புரிமை வாங்கினார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது வரும் ஜாடிகளின் மூடி இரண்டு துண்டு: தட்டையான தகடு ஒன்று, மறை போட்ட வளையம் ஒன்று. கைவேலைக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். தகட்டைத் தாளின் மேல் வைத்து வட்டம் வரைந்து, வெட்டி, தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் வைத்துத் திருகினால் போதும். ஒரு சொட்டுப் பசை இல்லாமல் பூசணி முகமோ கறுப்புப் பூனையோ மூடியில் வந்துவிடும். வேலை முடிந்ததும் கழற்றி எறிந்துவிட்டு ஜாடியை ஊறுகாய்க்கு எடுத்துக்கொள்ளலாம்.

அளவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 16 அவுன்ஸ் ஜாடியை வாங்கிவிட்டு அதை நிரப்பவே மூட்டை மூட்டையாக மிட்டாய் போட வேண்டியிருக்கும். பாதி நிரப்பினால் கஞ்சத்தனமாகத் தெரியும். ஆபீசுக்கு 4 அவுன்ஸ் ஜாடி போதும், உள்ளங்கையில் அடங்கும், கைநிறைய மிட்டாயில் நிரம்பி வழியும். நெருங்கிய நண்பருக்கு 8 அவுன்ஸ். அதற்கு மேல் போகாதீர்கள்.

வீட்டில் காலியான சல்சா, பாஸ்தா சாஸ் ஜாடிகளைப் பயன்படுத்தலாமா? கண்ணாடியில் பிரச்சினை இல்லை. லேபிள் பசை போகாவிட்டால் சமையல் சோடாவும் எண்ணெயும் சரிபாதி குழைத்துத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் உருண்டு வந்துவிடும். பிரச்சினை மூடியில். மூடியின் உட்புறம் இருக்கும் ரப்பர் மாதிரியான வளையம் பூண்டு வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் விடாது. சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் உறிஞ்சும். இரண்டே நாளில் பூண்டு மணக்கும் சாக்லேட் தயார். பழைய ஜாடியில் உறை போட்ட மிட்டாயை மட்டும் போடுங்கள், அல்லது மூடியைத் தூக்கிப்போட்டுவிட்டுத் துணியால் வாய் கட்டுங்கள்.

கழுவிய ஜாடியை உடனே நிரப்பக் கூடாது. அடியில் ஒரு சொட்டு நீர் நின்றாலும் வண்ண உருண்டைகளின் சாயம் கரைந்து கீழே ஒரு குட்டை தேங்கும். ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைத்து, காலையில் நிமிர்த்தி இன்னும் சில மணி நேரம் காற்றாட விடுங்கள்.

அடுக்கி நிரப்புவது தனிக் கலை. அடியில் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, மேலே வெள்ளை என்று மூன்று அடுக்காகப் போட்டால் ஜாடி ஹாலோவீன் வேஷம் கட்டிவிடும். ஒரே நிறமாகப் பிரித்து விற்கும் மிட்டாய் பார்ட்டி சாமான் கடைகளில் கிடைக்கும். சாய்த்துக் கொட்டினால் அடுக்கு கலங்கும், காகிதத்தைப் புனலாகச் சுருட்டி நடுவில் விட்டு மெல்ல நிரப்பி, ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் ஜாடியைத் துணியின் மேல் இரண்டு தட்டு தட்டுங்கள். உறை இல்லாத மிட்டாயில் வகைகளைக் கலக்காதீர்கள். கம்மியில் ஈரம் அதிகம், கெட்டி மிட்டாயில் மிகக் குறைவு. இரண்டையும் ஒரே ஜாடியில் மூடி வைத்தால் ஈரம் இங்கிருந்து அங்கே போகும். கம்மி விறைக்கும், கெட்டி மிட்டாய் ஒட்டும். புதினாவை எதனோடும் சேர்க்கக் கூடாது. ஒரே ஒரு புதினா மிட்டாய் இருந்தாலும் ஜாடி முழுக்கப் பற்பசை வாசம்தான்.

வெளி அலங்காரத்தில் எனக்குப் பிடித்தது மம்மி. மருந்துக் கடையில் வாங்கிய காஸ் துணியைக் கோணல்மாணலாகச் சுற்றி, இடுக்கில் இரண்டு உருளும் கண்களை ஒட்டினால் சிரிப்பு வராதவர் இல்லை. பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் வெளிப்பக்கம் மட்டும், அதுவும் வாயிலிருந்து ஒரு விரல் கீழே நிறுத்திவிடுங்கள். உள்ளே பெயிண்ட் அடித்த ஜாடியில் தின்பண்டம் போடக் கூடாது. வெளியே அடித்ததும் பாத்திரம் கழுவும் மெஷினில் போனால் உரிந்துவரும் என்று சீட்டில் எழுதிவிடுங்கள்.

ஜாடியின் பலவீனம் எடைதான். இருபது ஜாடியைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்கிலிருந்து நாலாவது மாடிக்குப் போய்ப் பாருங்கள், அடுத்த வருடம் பேய் செய்யத் தொடங்கிவிடுவீர்கள். வாங்கியவருக்கும் அதே கதி: லேப்டாப் பையில் கண்ணாடியை யாரும் விரும்பிப் போடமாட்டார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் வருபவருக்குக் காகிதம், காரில் வருபவருக்கு ஜாடி என்று பிரித்தால்கூடத் தப்பில்லை. ஜாடி திரும்பி வரும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். நம் வீடுகளில் பக்கத்து வீட்டுப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. அங்கே பாத்திரமே திரும்பாது.

இடையில் வரும் சிக்கல்கள்

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சக ஊழியருக்குத் தபாலில் அனுப்புவதென்றால் காகிதம்தான், அதிலும் தட்டையாகப் படுக்கும் வௌவால். மாசுப் பெட்டி நசுங்கும், ஜாடிக்கு நீங்கள் கொடுக்கும் தபால் செலவில் இன்னொரு ஜாடி வாங்கிவிடலாம். சாக்லேட் 34 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும், டெக்சஸ் அரிசோனாப் பக்கம் அக்டோபரிலும் வெயிலில் நிற்கும் தபால் பெட்டி அதைத் தாண்டும். அங்கே போகிற பொதியில் கெட்டி மிட்டாய் போடுங்கள்.

மேனேஜருக்குப் பெரிய ஜாடி, மற்றவர்களுக்குச் சின்னப் பொட்டலம் என்று வித்தியாசம் காட்டாதீர்கள். அங்கே அது மரியாதையாகப் படாது, காக்காய் பிடிப்பதாகத்தான் படும். துப்புரவுப் பணியாளரையும் வரவேற்பு மேசைக்காரரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் முதலில் விட்டுப்போகிறவர்கள் அவர்கள்தான்.

ஹாலோவீன் கொண்டாடாதவர்களும் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் கொண்டாடமாட்டார்கள், கிறிஸ்தவர்களில் வேறு சிலரும் பேய், மண்டையோட்டை விரும்புவதில்லை. ஒவ்வொருவரின் மதத்தையும் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் எல்லோருக்குமே பூசணி, மேப்பிள் இலை, ஆந்தை என்று இலையுதிர்காலத்துப் படங்களோடு நின்றுவிடுவது உத்தமம். அவை நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் வரை மேசையில் இருக்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளவருக்கென்று சர்க்கரையில்லாத மிட்டாய் வாங்கினால் கொஞ்சம் யோசித்து வாங்குங்கள். மால்டிடால் போட்ட கம்மிகளைக் கைநிறையத் தின்றவர் மீட்டிங்கில் உட்கார முடியாது. அவருக்கும் ஒவ்வாமைக்காரருக்கும் டீ பைகள், நல்ல பேனா, ஸ்டிக்கர் என்று தின்பண்டம் இல்லாத ஒன்றை அதே மாசுப் பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக 2014-ல் அமெரிக்கா முழுவதும் பரவிய நீலப்பச்சைப் பூசணி இயக்கம் ஒன்று உண்டு: வாசலில் அந்த நிறப் பூசணி இருந்தால் அங்கே மிட்டாய் இல்லாத பரிசும் கிடைக்கும். பெட்டியில் அதே நிற ரிப்பன் கட்டினால் விவரம் தெரிந்தவர் புரிந்துகொள்வார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. பெரிய டீமுக்கு நான் சொல்வது அதைத்தான். 32 அவுன்ஸ் ஜாடி ஒன்றே ஒன்று வாங்குங்கள், மம்மி வேஷம் கட்டுங்கள், உறை போட்ட மிட்டாயை நிரப்பிப் பொது மேசையில் வையுங்கள். பக்கத்தில் மூடியில்லாத மாசுப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மூட்டையிலிருந்து கத்தரித்த சேர்மானப் பட்டியலையும் நிறுத்தி வையுங்கள். அவரவருக்கு ஆகிறதை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். கடலை உள்ள சாக்லேட்டை அந்த ஜாடியில் சேர்க்காமல் வேறு கிண்ணத்தில் தள்ளி வைத்தால் போதும். ஜாடியின் அழகும் கிடைக்கும், தூக்கும் எடையும் ஒன்றோடு போகும்.

2026-ல் அக்டோபர் 31 சனிக்கிழமை. ஆகவே ஆபீசில் கொடுப்பது 30-ந் தேதி வெள்ளி. அன்று வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அதிகம் என்றால் வியாழனே வைத்துவிடுங்கள். பெட்டியையும் கூம்பையும் மாத நடுவிலேயே மடித்து வைத்துக்கொள்ளலாம்; மிட்டாயை மட்டும் கடைசி இரண்டு நாளில் நிரப்புங்கள், வீட்டிலுள்ளவர்கள் கைவைக்காமல் இருக்க வேறு வழியில்லை. நவம்பர் பிறந்ததும் கடைகளில் ஹாலோவீன் சாமான் விலை சரியும். ஆரஞ்சுத் தாளையும் ரிப்பனையும் அப்போது வாங்கிப் போட்டால் அடுத்த வருடத்துக்கு ஆகும். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்ததில் ஆபீசுக்கு எதைக் கொண்டுபோவது என்ற குழப்பம் இருந்தது. 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஒரு வாரம் இடைவெளி இருக்கிறது. மூடி வட்டத்தில் பூசணியை எடுத்துவிட்டு அகல்விளக்குப் படம் வெட்டி வைத்தால் அதே 4 அவுன்ஸ் ஜாடியில் மைசூர்பாகு போகும். நெய் இருப்பதையும், முந்திரி சேர்த்திருந்தால் அதையும் சீட்டில் எழுத மறந்துவிடாதீர்கள்.